எட்டு கிலோமீட்டர் வரை தடுக்க ஆளில்லை

புது தில்லி: 2023 ஜூலை 11-ஆம் தேதி காலை 6 மணி அளவில், தில்லி - மீரட் விரைவுச் சாலையில் காஜியாபாத் அருகே ஒரு பள்ளிப் பேருந்தும் காரும் நேருக்கு நேர் மோதின. காரில் இருந்தவர்கள் மீரட் பகுதியைச் சேர்ந்த ஒரே குடும்பத்தினர் 8 பேர். அவர்களில் குழந்தைகள் உள்பட 6 பேர் உயிரிழந்தனர். பேருந்தில் மாணவர்கள் யாரும் இல்லை. தில்லி எல்லையில் உள்ள காஸிப்பூரில் எரிவாயு நிரப்பிக்கொண்ட ஓட்டுநர், அங்கிருந்து எதிர்த்திசையிலேயே பேருந்தை ஓட்டி வந்தார் என்று காவல்துறை தெரிவித்தது.

அப்படி அவர் ஓட்டி வந்த தூரம் சுமார் 8 கிலோமீட்டர்.

நாட்டில் நாள்தோறும் நூற்றுக்கணக்கான விபத்துகள் நேரிடுகின்றன. அவற்றில் இந்த ஒன்றை மட்டும் எடுத்துப் பேசுவதற்கு அந்த 8 கிலோமீட்டர்தான் காரணம். பெரும்பாலான விபத்துகள் கண்ணிமைக்கும் நேரத்தில் நிகழ்பவை. இதுவோ எல்லோர் கண்முன்னும் நிதானமாக நடந்தேறியது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டால்கூட ஏறத்தாழ 10 நிமிடங்கள் அந்தப் பேருந்து தவறான திசையில் ஓடியிருக்க வேண்டும். எதிரே வந்த வாகனங்கள் விலகி வழிவிட்டன. சாலையோரக் கேமராக்கள் படம் பிடித்தன. அந்தப் படம் அன்று பகலுக்குள் எல்லாத் தொலைக்காட்சிகளிலும் ஓடியது. பேருந்து ஓடிய அந்த நேரத்தில் அதை நிறுத்துவதற்கு மட்டும் யாரும் வரவில்லை.

இத்தனைக்கும் இது ஏதோ ஒரு மூலையில் கிடக்கும் மாவட்டச் சாலையன்று. 2015 டிசம்பர் 31-இல் பிரதமர் மோடி அடிக்கல் நாட்டி, 2018-இல் அவரே முதல் கட்டத்தைத் திறந்து வைத்து, 2021 ஏப்ரலில் மீரட் வரை முழுமையாகப் பயன்பாட்டுக்கு வந்த சாலை. நாடாளுமன்றத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எட்டிவிடக்கூடிய இடம். இருசக்கர வாகனங்களுக்கே அனுமதி இல்லாத பாதை. அங்கேயே நிலைமை இது.

காஸிப்பூர் வரை தில்லி காவல்துறையின் ஆளுகை. அதைத் தாண்டினால் உத்தரப் பிரதேசக் காவல்துறை. சாலையோ தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தினுடையது. ஆணையத்திடம் கட்டுப்பாட்டு அறை உண்டு, ரோந்து வாகனங்கள் உண்டு, 1033 என்ற உதவி எண் உண்டு. ஆனால் ஒரு வாகனத்தை மறித்து நிறுத்தி அபராதம் விதிக்கும் அதிகாரம் அதன் ஊழியருக்குக் கிடையாது. அந்த அதிகாரம் மாநிலக் காவல்துறைக்கும் போக்குவரத்துத் துறைக்கும் உரியது. அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் தேசிய நெடுஞ்சாலைகள் மத்திய அரசின் பட்டியலிலும், காவல்துறை மாநிலப் பட்டியலிலும் இருப்பதன் விளைவு இது. சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அதிகாரமில்லை; அதிகாரம் உள்ளவர் சாலையில் இல்லை.

மாநில உரிமைகளில் அக்கறை கொண்ட தமிழ் வாசகர்கள் இதைப் படித்ததும், காவல் அதிகாரத்தையும் மத்திய அரசு எடுத்துக்கொள்ள இது ஒரு சாக்காகிவிடுமோ என்று ஐயுறக்கூடும். அந்த ஐயம் நியாயமானதே. ஆனால் தம்மிடம் ஏற்கெனவே உள்ள அதிகாரத்தை மாநிலங்கள் எவ்வாறு பயன்படுத்தி வருகின்றன என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

இரண்டு சதவீதச் சாலை, மூன்றில் ஒரு பங்கு மரணம்

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-இல் சாலை விபத்துகளில் இறந்தோர் 1,68,491 பேர். 2023-இல் இது 1,72,890 ஆக உயர்ந்தது. ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 20 உயிர்கள். நாட்டின் மொத்தச் சாலை நீளத்தில் தேசிய நெடுஞ்சாலைகளின் பங்கு சுமார் 2 சதவீதம் மட்டுமே. ஆனால் 2022-இல் நேர்ந்த மரணங்களில் 36 சதவீதம், அதாவது 61,038 மரணங்கள், விரைவுச் சாலைகள் உள்ளிட்ட தேசிய நெடுஞ்சாலைகளில் நேர்ந்தவை.

2024 டிசம்பரில் மக்களவையில் பேசிய அமைச்சர் நிதின் கட்கரி, சர்வதேச மாநாடுகளில் சாலை விபத்து பற்றிய பேச்சு வரும்போது முகத்தை மறைத்துக்கொள்ள முயல்வதாக வெளிப்படையாகவே கூறினார். விபத்துகளைப் பாதியாகக் குறைப்போம் என்று பொறுப்பேற்றபோது சொன்னதை நிறைவேற்ற முடியவில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. ஓர் அமைச்சர் தோல்வியை அவையில் ஒப்புக்கொள்வது அபூர்வம்தான். ஆனால் ஆண்டுதோறும் புதிய விரைவுச் சாலைகளின் நீளத்தைப் பெருமையுடன் அறிவிப்பதும் அதே அமைச்சகம்தான். அந்தச் சாலைகளில் எத்தனை காவலர்கள் நிற்கிறார்கள் என்ற கணக்கு அந்த அறிவிப்புகளில் இடம்பெறுவதில்லை.

2022 மரணங்களில் சுமார் 71 சதவீதத்துக்கு அதிவேகமே காரணம் என்கிறது அமைச்சகத்தின் அறிக்கை. இந்த எண்ணைச் சற்று எச்சரிக்கையுடன்தான் படிக்க வேண்டும். விபத்துக்குப் பின் சம்பவ இடத்துக்கு வரும் காவலர் பதிவு செய்யும் காரணமே தொகுக்கப்பட்டு இவ்வாறு சதவீதமாகிறது. வேகத்தை அவர் அளந்து பார்த்திருப்பதில்லை. வெளிச்சமில்லாத திருப்பம், எச்சரிக்கை விளக்கின்றி நடுச்சாலையில் நிறுத்தப்பட்ட லாரி, ஊர்மக்கள் கடந்து செல்ல வழியின்றி ஆறு வழியாக விரிக்கப்பட்ட சாலை ஆகியவை எல்லாம் இந்த ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. இறந்துபோன ஓட்டுநர்மீது பழிபோடுவது எளிது. சாலையை வடிவமைத்த பொறியாளரும் ஒப்பந்தக்காரரும் அந்த அறிக்கையில் தப்பிவிடுகின்றனர்.

எனினும் தில்லியிலிருந்து எந்தத் திசையில் புறப்பட்டாலும் கண்ணெதிரே தெரிவதை மறுக்க முடியாது. ஜெய்ப்பூர் செல்லும் சாலையில் மானேசரைத் தாண்டியதும், வலது ஓரத் தடத்தை அடைத்துக்கொண்டு சுமை லாரிகள் வரிசையாக ஊர்ந்து செல்லும். அவற்றை இடப்புறமாக முந்துவதைத் தவிரக் கார்களுக்கு வேறு வழியில்லை. பானிப்பட் சாலையில் மூர்த்தல் தாபாக்களுக்குச் செல்வோர் ஒரு திரும்புமிடத்தின் தூரத்தை மிச்சம் பிடிக்க, முகப்பு விளக்கை எரியவிட்டபடி எதிர்த்திசையில் வருவார்கள். விளக்கை எரியவிட்டால் தவறு சரியாகிவிடும் என்பது இங்கு எழுதப்படாத விதி. மேற்கு உத்தரப் பிரதேசத்தில் கரும்பு வெட்டும் காலம் வந்துவிட்டால், பின்புற விளக்கே இல்லாத டிராக்டர்கள் அகலம் மீறிய பாரத்துடன் இரவில் போகும். டிசம்பர், ஜனவரி மூடுபனியில் அந்தப் பாரம் கண்ணுக்குத் தெரியும்போது பிரேக் பிடிக்க நேரம் இருக்காது.

ஐந்தாம் வகுப்புக் கணக்கு

வேகத்தைக் கண்டுபிடிக்கப் பெரிய தொழில்நுட்பம் தேவையில்லை. கிரேட்டர் நொய்டாவிலிருந்து ஆக்ரா செல்லும் யமுனா விரைவுச் சாலையை எடுத்துக்கொள்வோம். 2012 ஆகஸ்டில் திறக்கப்பட்ட இதன் நீளம் 165 கிலோமீட்டர். கார்களுக்கான உச்ச வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர். எங்கும் நிற்காமல் அந்த வேகத்திலேயே சென்றாலும் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போய்ச்சேர 99 நிமிடங்கள் ஆகும். அதற்குக் குறைந்த நேரத்தில் சென்றடைந்தவர் எவராயினும் விதியை மீறியவர். சுங்கச்சாவடியில் நுழைந்த நேரமும் வெளியேறிய நேரமும் ஃபாஸ்டேக் கணக்கில் நொடி சுத்தமாகப் பதிவாகின்றன. கட்டணத்தை ஒரு ரூபாய் குறையாமல் பிடித்துக்கொள்ளும் அதே கருவி, இந்த ஐந்தாம் வகுப்புக் கணக்கையும் போட்டுவிட முடியும்.

ஓட்டுநரின் உறக்கத்தையும் அது ஓரளவு சொல்லிவிடும். 2019 ஜூலை 8-ஆம் தேதி விடியற்காலையில் லக்னௌவிலிருந்து தில்லி வந்துகொண்டிருந்த அரசுப் பேருந்து, ஆக்ரா அருகே இதே சாலையிலிருந்து கால்வாயில் பாய்ந்து 29 பேர் இறந்தனர். ஓட்டுநர் கண்ணயர்ந்திருக்கலாம் என்று அப்போது கூறப்பட்டது. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-ஆம் ஆண்டிலேயே நாளொன்றுக்கு 8 மணி நேர வேலை என்று வரையறுத்துவிட்டது. வட இந்திய நெடுஞ்சாலைகளில் லாரி ஓட்டுவோரிடம் அந்தச் சட்டத்தின் பெயரைச் சொன்னால் சிரிப்பார்கள். குறித்த நேரத்துக்குள் சரக்கைச் சேர்க்காவிட்டால் வாடகையில் பிடித்தம் செய்யும் முதலாளியின் பெயர் எந்த முதல் தகவல் அறிக்கையிலும் ஏறுவதில்லை.

கண்காணிப்புக்கென்று சட்டம் இல்லாமலும் இல்லை. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 136-ஏ பிரிவு, தேசிய, மாநில நெடுஞ்சாலைகளில் மின்னணுக் கண்காணிப்பை மாநில அரசுகள் உறுதிசெய்ய வேண்டும் என்கிறது. அதற்கான விதி 2021 ஆகஸ்டில் வந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, 2024 செப்டம்பரில், அந்தப் பிரிவைச் செயல்படுத்துமாறு உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட வேண்டியதாயிற்று. நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தை நிறைவேற்றும்படி நீதிமன்றம் சொன்ன பிறகுதான் கோப்புகள் நகர்கின்றன.

அபராதமும் அரசியலும்

2019 செப்டம்பர் 1 முதல் அபராதங்கள் பன்மடங்காயின. உரிமமின்றி ஓட்டினால் 500 ரூபாயாக இருந்தது 5,000 ஆனது. மது அருந்திவிட்டு ஓட்டினால் 10,000 ரூபாய் வரை. சிறுவர்களிடம் வண்டியைக் கொடுக்கும் பெற்றோருக்கு 25,000 ரூபாயும் சிறையும். இச் சட்டம் பத்து நாள்கள்கூட முழுமையாக நிலைக்கவில்லை. பாஜக ஆளும் குஜராத்தே முதலில் பல அபராதங்களைக் குறைத்து அறிவித்தது. அப்போது காங்கிரஸ் ஆண்ட மத்தியப் பிரதேசமும் ராஜஸ்தானும், திரிணமூல் ஆண்ட மேற்கு வங்கமும் புதிய கட்டணங்களை ஏற்கத் தயங்கின. மக்களவையில் எதிரும் புதிருமாக நிற்கும் கட்சிகளுக்கு இந்த ஒரு விஷயத்தில் அப்படியோர் ஒற்றுமை. வாகன ஓட்டி ஒரு வாக்காளர். விபத்தில் இறந்தவர் வாக்களிக்க வருவதில்லை.

விதிக்கப்பட்ட அபராதத்தின் கதியும் வேறு விதமாக இல்லை. உத்தரப் பிரதேசத்தில் 2017 முதல் 2021 வரை சுமார் 30 லட்சம் மின்னணுச் சலான்கள் வழங்கப்பட்டன. அவற்றில் 12 லட்சத்துக்கும் அதிகமானவை நிலுவையிலேயே நின்றுவிட்டன. அக் காலத்தில் விதிக்கப்பட்டு நீதிமன்றங்களில் தேங்கிக் கிடந்த சலான்களை ரத்து செய்வதாக அம் மாநில அரசு 2023 ஜூனில் அறிவித்தது. காஜியாபாத் விபத்து நிகழ்ந்தது அதற்கு அடுத்த மாதம். வழக்குச் சுமையைக் குறைப்பதற்கான நிர்வாக நடவடிக்கை என்று அரசுத் தரப்பில் விளக்கம் தரப்பட்டது. அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால் பணம் கட்டாமல் காத்திருந்தவர் இதிலிருந்து கற்றுக்கொண்ட பாடம் ஒன்றுதான். தில்லியிலும் மக்கள் நீதிமன்றம் கூடும் நாள்களில், சலான் தொகையைக் குறைத்துக்கொள்ள வாகன உரிமையாளர்கள் திரண்டு நிற்கும் காட்சியைக் காணலாம்.

பணத்தைவிட உரிமத்துக்கு அஞ்சுவோர் அதிகம். இதை உணர்ந்துதான் உச்ச நீதிமன்றம் நியமித்த சாலைப் பாதுகாப்புக் குழு, அதிவேகம், சிவப்பு விளக்கைத் தாண்டுதல், அதிக பாரம், குடிபோதை, கைப்பேசி ஆகிய குற்றங்களுக்குக் குறைந்தது 3 மாதம் ஓட்டுநர் உரிமத்தை நிறுத்தி வைக்க வேண்டும் என்று 2015-இலேயே மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் 2014-இல் அமைக்கப்பட்ட அந்தக் குழுவுக்கு வித்திட்ட பொதுநல மனுவைத் தாக்கல் செய்தவர் கோவையைச் சேர்ந்த எலும்பு முறிவு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன். ஆண்டு 2012. அறுவை சிகிச்சை மேஜையில் முடிவற்று வந்துகொண்டிருந்தவர்களைப் பார்த்த ஒரு மருத்துவர் நீதிமன்றப் படியேறினார். 2025-இலும் அதே வழக்கில் உத்தரவுகள் பிறப்பிக்கப்பட்டன.

தண்டனையைக் கடுமையாக்கினால் போதும் என்ற எண்ணமும் பலிக்கவில்லை. பாரதிய நியாய சம்ஹிதையின் 106 (2) பிரிவு, விபத்து ஏற்படுத்திவிட்டுத் தகவல் சொல்லாமல் ஓடுவோருக்கு 10 ஆண்டு வரை சிறை என்றது. 2024 ஜனவரி தொடக்கத்தில் லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். பெட்ரோல் நிலையங்களில் வரிசை நீண்டது. இரண்டே நாள்களில் மத்திய அரசு இறங்கி வந்தது. அந்த ஆண்டு ஜூலை 1-இல் புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தபோது இந்த உட்பிரிவு மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டது. நின்று உதவினால் ஊரார் அடித்தே கொன்றுவிடுவார்கள் என்று ஓட்டுநர்கள் கூறியதில் பொய்யில்லை. பத்து ஆண்டு சிறை என்று எழுதி வைப்பதைவிட, பத்து கிலோமீட்டருக்கு ஒரு காவலர் நிற்பது அவர்களையும் சேர்த்தே காப்பாற்றும்.

நின்று பார்த்த இடங்களில்

இது கனவல்ல. மும்பை - புணே விரைவுச் சாலை 94.5 கிலோமீட்டர். 2016-இல் அங்கு 151 பேர் இறந்தனர். அந்த ஆண்டு மாநில அரசு, சாலை நிர்வாகம், நெடுஞ்சாலைக் காவல்துறை ஆகியவற்றுடன் சேவ்லைஃப் அறக்கட்டளை கைகோத்து ஒரு திட்டத்தைத் தொடங்கியது. ஆபத்தான இடங்களை ஒவ்வொன்றாகச் சீர்செய்து, வேகத்தையும் கண்காணித்தனர். 2019-இல் இறப்பு 92 ஆகக் குறைந்தது. பின்னர் ஏறியும் இறங்கியும் வந்தாலும் பழைய எண்ணுக்குத் திரும்பவில்லை. பஞ்சாபில் 2024 ஜனவரியில் சாலைப் பாதுகாப்புக்கென்றே தனிப் படை அமைக்கப்பட்டு, 144 வாகனங்கள் ஏறக்குறைய 30 கிலோமீட்டருக்கு ஒன்றாக நிறுத்தப்பட்டன. தங்கள் படையின் எல்லைக்குள் இறப்புகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாக அம் மாநில அரசு கூறுகிறது. அரசு தனக்குத் தானே போட்டுக்கொள்ளும் மதிப்பெண் என்பதால் சற்றுக் குறைத்தே எடுத்துக்கொள்ளலாம். ஆயினும் விபத்து நடந்த சில நிமிடங்களில் சீருடையில் ஒருவர் வந்து நிற்பது என்பதே நெடுஞ்சாலைகளுக்குப் புதிது.

தமிழகத்துக்கும் இதில் ஓர் அனுபவம் உண்டு. 2016-இல் 17,218 ஆக இருந்த மரணங்கள் 2019-இல் 10,525 ஆகக் குறைந்ததாகப் பதிவாகி, நெடுஞ்சாலை ரோந்தும் 108 ஆம்புலன்ஸும் தேசிய அளவில் பாராட்டப்பட்டன. 2022-இல் எண்ணிக்கை மீண்டும் 17,884. உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழகமே முதலிடம். கண்காணிப்பு ஒரு முறை செய்து முடித்துவிடும் வேலையன்று என்பதை இந்த ஏற்றமே காட்டுகிறது. முந்தைய இறக்கம் முழுவதும் உண்மைதானா என்ற கேள்வியையும் இது எழுப்பத்தான் செய்கிறது.

மத்திய, மாநில அதிகாரங்களுக்கு இடையிலான இடைவெளியை இணைக்க ஓர் அமைப்பு வேண்டும் என்ற யோசனையும் புதிதல்ல. எஸ். சுந்தர் தலைமையிலான குழு 2007-இலேயே தேசிய அளவில் ஒரு வாரியத்தைப் பரிந்துரைத்தது. 2010-இல் மசோதா வந்தது; சட்டமாகவில்லை. 2019 திருத்தத்தில் தேசியச் சாலைப் பாதுகாப்பு வாரியம் என்று இடம்பிடித்தது. 2021-இல் விதிகள் வெளியாயின. 2025-இல் உச்ச நீதிமன்றம் அந்த வாரியத்தை அமைக்க மத்திய அரசுக்கு ஆறு மாதக் கெடு விதித்தது. பரிந்துரைக்கும் கெடுவுக்கும் இடையே 18 ஆண்டுகள்.

காஜியாபாத் விபத்துக்குப் பின் பேருந்தின் ஓட்டுநர் கைது செய்யப்பட்டார். அந்தப் பேருந்துக்கு அதற்கு முன்பே பல முறை சலான் வழங்கப்பட்டிருந்தது பிறகு தெரியவந்தது. எதிர்த்திசையில் ஓட்டியதற்கான சலான்களும் அவற்றில் இருந்தன. அவற்றில் ஒன்றின்பேரிலாவது அந்த வண்டியைப் பிடித்து நிறுத்தியிருந்தால், ஜூலை 11 காலையில் அது எரிவாயு நிரப்ப காஸிப்பூருக்கு வந்திருக்காது.